ஒன்பது நிமிடம்: ஒரு பாராகிளைடிங் விபத்தும் அதன்பின் ஒரு குடும்பம் எடுத்த முடிவுகளும்

இமாச்சலப் பிரதேசத்தின் பீர்–பில்லிங் பகுதியில் ஓர் அக்டோபர் கடைசியில் நடந்த விபத்தையும், அதைத் தொடர்ந்த இரண்டு ஆண்டுகளையும் பற்றிய பதிவு இது. அடிபட்டவரும் அவர் மனைவியும் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன். அவர் பறந்த குழுவில் நானும் ஒருவன். விபத்து நடந்த அன்று பீரில், தரையில் இருந்தேன்.

பின்னணி

அவருக்கு அப்போது 41 வயது. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மனைவி வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. ஒரே மகள், ஆறாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் அதே வீட்டில்.

புனே பக்கத்திலுள்ள காம்ஷெட்டில் அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு நான்கு ஆண்டுகளாகப் பறந்து கொண்டிருந்தார். பதிவேட்டில் 90 மணி நேரத்துக்குச் சற்று மேல். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி காம்ஷெட்டின் தாழ்ந்த குன்றுகளில், மாலை நேரத்து மென்காற்றில், முகட்டை ஒட்டி இப்படியும் அப்படியும் போய் வந்தது. தெர்மல், அதாவது வெயிலில் சூடாகி மேலெழும் காற்றைப் பிடித்து மேலே ஏறி, மலைத்தொடரை ஒட்டி வெகுதூரம் போகிற பறத்தல் அவருக்கு வருடத்துக்கு ஒரு தடவை, பீரில் கழிக்கும் இரண்டு வாரம் மட்டும்தான்.

தென்னிந்தியாவிலிருந்து போகும் பைலட்கள் பலருக்கும் இதே நிலைதான். ஊரில் பறக்க இடம் குறைவு. ஏலகிரியில் எப்போதாவது வாய்ப்பு வரும், அவ்வளவுதான். விபத்துக்கு முந்தைய ஏழு மாதம் அவர் விங்கை, அதாவது பாராகிளைடரின் துணி இறக்கையை, பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. மார்ச்சில் கடைசியாகப் பறந்தவர், அக்டோபரில் நேராக இமயமலை தெர்மலுக்குள் போனார்.

அந்த ஆண்டு புது விங்கும் வாங்கியிருந்தார். பாராகிளைடர்களை ஐரோப்பியத் தரப்படி ஏ, பி, சி, டி என நான்கு ரகமாகப் பிரிப்பார்கள். ஏ ரகம் பைலட் தவறு செய்தாலும் பெரும்பாலும் தானே சரியாகிக்கொள்ளும். ஏ-யிலிருந்து டி-யை நோக்கிப் போகப் போக வேகமும் தூரமும் கூடும், பைலட்டின் கை அந்த அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். அவர் பி ரகத்திலிருந்து சி ரகத்துக்கு மாறினார். குழுவில் இருவர் ஏற்கெனவே மாறியிருந்தார்கள். அவர்களோடு போகையில் எப்போதும் பின்தங்கிவிடுகிறேன் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கியதற்கு உண்மையான காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் நடந்த வாக்குவாதம்

பறக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான்: இது தேவையா, இல்லையா? அப்பா, "உனக்கு ஒரு புள்ள இருக்குது சாமி" என்பார். அவரோ, "அவிநாசி ரோட்டுல தினமும் பைக்ல போறேனே, அது மட்டும் ஆபத்து இல்லையா?" என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

இந்த ரோடு வாதத்தைச் சாகச விளையாட்டில் இருக்கும் எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மக்கள்தொகையோடு வகுத்தால் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 120 பேர். நார்வேயில் ஷெராக் என்ற பாறைமுகட்டிலிருந்து பாராசூட்டோடு குதிப்பார்கள். அங்கே 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளில் 9 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு 430 என்று வருகிறது. சராசரி ஆள் சாலையில் மூன்றரை ஆண்டில் சந்திக்கும் ஆபத்தை அங்கே ஒரே குதிப்பில் சந்திக்கிறார்கள்.

பாராகிளைடிங் அந்த அளவுக்கு இல்லை, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எந்த மணியில், எந்த விங்கில், தரைக்கு எவ்வளவு பக்கத்தில் பறக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஆளுக்கே ஆபத்து பல மடங்கு மாறும். ஆனால் 'போகலாமா, வேண்டாமா' என்று பேசுகிற வீட்டில் இந்தக் கேள்விகள் எதுவும் எழுவதில்லை. இங்கேயும் எழவில்லை. புது விங் வேறு ரகம் என்பதே மனைவிக்கு விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. நிறம் மாறியிருக்கிறது என்று மட்டும் கவனித்திருந்தார்.

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பதினேழு வயதிலிருந்து பட்டறைச் சத்தத்தில் நிற்பவர். பறக்கத் தொடங்கும் முன் தினமும் மாலை குடிக்கும் பழக்கம் இருந்தது. முதல் வருடத்திலேயே அது தானாக நின்றது. உடம்பு இளைத்தது, ரத்த அழுத்தம் இறங்கியது. பறப்பதை மனைவி அடியோடு எதிர்க்காததற்கு இதுதான் காரணம். "அது இல்லாத மனுஷனையும் நான் பாத்திருக்கேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

விபத்து நாள்

பயணத்தின் ஐந்தாம் நாள். வானம் தெளிவாக இருந்தது. பில்லிங் டேக்-ஆஃப் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பீர் இறங்குதளம் அதற்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே. அங்கிருந்து மேற்கே தௌலாதார் மலைத்தொடரை ஒட்டித் தரம்சாலா வரை போய்த் திரும்புவது இந்தப் பகுதியின் புகழ்பெற்ற பாதை. அன்று நால்வர் அதற்குக் கிளம்பினார்கள். அவர் ஏறியது 11.20க்கு.

முதல் ஒன்றரை மணி நேரம் நன்றாகப் போனது. அதன்பின் ஒரு முகட்டிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போது எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கிவிட்டார். மற்ற மூவரும் மேலே, முன்னால். 1.01 மணிக்கு அவர் ஒரு பள்ளத்தாக்கின் வாயில் இருந்தார். கீழே அறுவடை முடிந்த நெல் வயல்கள், அடுக்கடுக்காக. வயலிலிருந்து அவர் உயரம் சுமார் 350 மீட்டர். அமைதியான காற்றில் அந்த விங் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஒன்பது, பத்து மீட்டர் முன்னே போகும். எந்த வயலை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

அவர் மலைப்பக்கம் திரும்பினார். பாறைச் சரிவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அங்கே தெர்மல் கிளம்பும் என்று கணக்கு. கிளம்பவும் செய்தது. ஆனால் அது பலவீனமாக, துண்டு துண்டாக வந்தது. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்குக் காற்று வலுத்திருந்தது. அவர் நின்ற இடம் அந்த முகட்டின் மறைவுப் பக்கம், அதாவது காற்று முகட்டைத் தாண்டி உருண்டு விழும் பக்கம். சரிவை ஒட்டியே வட்டமடித்தார். ஒவ்வொரு வட்டத்திலும் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இழந்தார்.

1.10க்கு, சரிவிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், விங்கின் இடது பாதி மடிந்தது. கொலாப்ஸ் என்போம். விங் மடிந்த பக்கம், மலையை நோக்கித் திரும்பியது. அப்போது எடையை எதிர்ப்பக்கம் சாய்த்து, வலது பிரேக்கை அளவாக இழுத்துத் திசையைப் பிடிக்க வேண்டும். மலை முகத்துக்கு எதிரே வரும்போது கை அளவு பார்ப்பதில்லை. வலது பிரேக்கை முழுக்க இழுத்தார். நன்றாக இருந்த பாதியும் ஸ்டால் ஆனது, அதாவது தூக்கும் விசையை இழந்தது. அந்த உயரத்தில் ரிசர்வ் பாராசூட்டை எறிந்து அது விரிவதற்கு நேரமில்லை. உட்கார்ந்த நிலையில் சரிவில் விழுந்தார்.

மீட்பு

மேலேயிருந்த நண்பர் விங் விழுந்ததைப் பார்த்துவிட்டார். நான்கே நிமிடத்தில் ரேடியோவில் எங்களுக்குச் செய்தி வந்தது. இது அதிர்ஷ்டம், ஏற்பாடு அல்ல. பல நாடுகளில் பைலட்கள் சாட்டிலைட் செய்திக்கருவி வைத்திருப்பார்கள். பட்டனை அழுத்தினால் இடம் தெரியும். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டினர் உண்டு. ஆக நம்மிடம் இருப்பது ரேடியோவும் மொபைலும்தான். அந்தச் சரிவில் மொபைல் சிக்னல் இல்லை.

அவர் நினைவோடு இருந்தார். இடுப்பில் கடும் வலி, இடது கணுக்கால் திரும்பியிருந்தது. கால் விரல்களை அசைக்க முடிந்தது. "எந்திரிக்காதே, ஹார்னஸைக் கழற்றாதே, அப்படியே படு" என்று நண்பர் ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே முக்கியமானது இது என்று அறுவை மருத்துவர் பின்னால் சொன்னார்.

2.50க்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் இரண்டு இடையர்கள், 'கட்டி' (Gaddi) என்ற மலைவாழ் சமூகத்தினர். அக்டோபரில் உயர மேய்ச்சலிலிருந்து மந்தையை இறக்கிக்கொண்டு வரும் காலம். தங்கள் கம்பளியை அவர் மேல் போர்த்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அரை மணி கழித்து ஸ்ட்ரெச்சரோடு உள்ளூர் மீட்புக் குழு வந்தது. சாலைக்கு இறக்கும்போது மணி ஐந்தரை, இருட்டத் தொடங்கிவிட்டது. மருத்துவமனைக்குப் போகையில் ஏழு. இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் இரவெல்லாம் அவரை மலையில்தான் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

எல் 1 எனப்படும் முதல் இடுப்பு முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது. உட்கார்ந்த வாக்கில் விழும் பாராகிளைடர் பைலட்களுக்கு அடிக்கடி உடைவது அதுவே. விறைப்பான மேல்முதுகும் வளையும் கீழ்முதுகும் சேரும் பகுதி அது. தண்டுவடம் முடிவதும் ஏறக்குறைய அங்கேதான். எலும்புத் துண்டு ஒன்று தண்டுவடக் குழாய்க்குள் தள்ளியிருந்தது, நரம்பைத் தொடவில்லை. சண்டிகருக்குக் கொண்டுபோய், உடைந்த எலும்புக்கு மேலும் கீழும் திருகு போட்டுக் கம்பியால் இணைத்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கோவைக்கு வந்தார், மூன்று மாதம் பெல்ட்டோடு இருந்தார்.

பணம்

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் முதலில் 'சாகச விளையாட்டு, விலக்கு' என்று கோரிக்கையை மறுத்தது. மனைவி பாலிசியை எடுத்து வரிவரியாகப் படித்தார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்கு வாசகம், தொழில்முறையாகச் சாகச விளையாட்டில் பங்கேற்று அடிபட்டால் செலவு கிடைக்காது என்றுதான் சொல்கிறது. இவர் லேத் பட்டறைக்காரர், பறந்து சம்பாதிப்பவர் அல்லர். அதை எழுதி அனுப்பிய பிறகு பணம் வந்தது. இந்த ஒரு வார்த்தை தெரியாமல் எத்தனை பேர் முதல் மறுப்பிலேயே விட்டுவிடுகிறார்களோ.

தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு கதை. அதில் இத்தகைய பறத்தல் தெளிவாக விலக்கப்பட்டிருந்தது, ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. பட்டறை நான்கு மாதம் பாதி வேகத்தில் ஓடியது. இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஆறு தொழிலாளர்களில் ஒருவர் விலகினார். பறக்க முடிவெடுத்தவர் ஒருவர், விலை கொடுத்தவர்களில் இந்தத் தொழிலாளியும் சேர்த்தி.

தடப்பதிவு

வீடு திரும்பிய இரண்டாம் மாதம், நான் பார்க்கப் போயிருந்தபோது, மனைவி அன்றைய பறத்தலின் பதிவைக் காட்டச் சொன்னார். பைலட் கையோடு வைத்திருக்கும் வேரியோ கருவி மேலே ஏறும்போது ஒலி எழுப்பும், நொடிக்கு நொடி இடத்தையும் உயரத்தையும் பதிந்துவைக்கும். லேப்டாப்பில் வரைபடத்தின் மேல் ஓடவிட்டோம். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். மனைவி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். அழவில்லை, திட்டவில்லை. அங்கங்கே நிறுத்தச் சொல்லி, மணியும் உயரமும் குறித்துக்கொண்டார்.

1.01இல் நிறுத்தினார்.

"இங்க கீழ வயல் இருக்கு. இறங்கியிருக்கலாமா?"

"இறங்கியிருக்கலாம்."

"ஏன் இறங்கலை?"

"இறங்கினா அன்னிக்கு அவ்வளவுதான். ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடிச்சு... மத்த மூணு பேரும் தரம்சாலா போயிட்டு வந்திருப்பாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மனைவி சொன்னது: "நீங்க பறக்கிறது எனக்கு பயம்தான். அது என் பிரச்சினை, நான் பாத்துக்கிறேன். இந்த ஒன்பது நிமிஷம் உங்க பிரச்சினை."

நான்கு ஆண்டாக அந்த வீட்டில் ஓடிய வாதம் அங்கே முடிந்து, வேறொன்று தொடங்கியது. வாழ்க்கையை முழுசாக வாழ்வதா, பத்திரமாக இருப்பதா என்று பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்த வரை இருவர் கையிலும் பதில் இல்லை. அவர் உயிரைப் பணயம் வைத்தது வானத்துக்காக என்றால் அது வேறு. பதிவில் தெரிந்தது, பஸ்ஸில் திரும்பி வரும் சங்கடத்துக்காக.

'எனக்கு முழுக் கவனமும் கூடிவருவது மேலே இருக்கும்போதுதான்' என்று அவர் அடிக்கடி சொல்வார். உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது நிமிடத்தில் கவனம் முழுக்க வேரியோவின் ஒலியிலும் அடுத்த தெர்மலிலும் குவிந்து, காற்றின் திசையும் கீழிருந்த வயலும் அதற்கு வெளியே போய்விட்டன. முழுக்க வாழ்வதாகத் தோன்றும் நேரத்தில் கண் குறுகிவிடுகிறது. பறத்தலைப் புகழ்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

எடுத்த முடிவுகள்

நிறுத்திவிடுவது என்ற வழியும் பேசப்பட்டது. மருத்துவர் தடை சொல்லவில்லை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் திருகு உள்ள முதுகில் மறுபடி அதே அடி விழுந்தால் விளைவு வேறாக இருக்கும் என்றார். அப்பாவுக்கு இதில் இரண்டு கருத்து இல்லை. மனைவிதான் உடனே முடிவெடுக்க வேண்டாம் என்றார். படுக்கையிலிருந்து எழுந்த சில மாதங்களில் மாலைக் குடி திரும்ப வந்திருந்தது. அதையும் கணக்கில் சேர்த்தார். பறப்பதற்கு ஒரு விலை, பறக்காமல் இருப்பதற்கு ஒரு விலை, இரண்டையும் தன் நோட்டில் எழுதினார். ஆனால் 'பறக்காவிட்டால் குடிப்பேன்' என்பதை நிபந்தனையாக ஏற்க மாட்டேன் என்று தெளிவாகச் சொன்னார். குடிக்கு ஆலோசகரைப் பார்க்க வேண்டும், ஆறு மாதம் குடிக்காமல் இருந்த பிறகே பறப்பதைப் பற்றிப் பேச்சு. அவர் இதற்கு ஒப்புக்கொள்ள நாளாயிற்று.

அதன்பின் ஒப்புக்கொண்டவை: சி விங்கை விற்றுவிட்டு எளிய பி ரகம். திரும்பும் முன் ஒரு எஸ்ஐவி பயிற்சி. ஏரிக்கு மேல், மீட்புப் படகு கீழே நிற்க, பயிற்சியாளர் ரேடியோவில் சொல்லச் சொல்ல, கொலாப்ஸையும் ஸ்டாலையும் வேண்டுமென்றே வரவழைத்துக் கைக்குப் பழக்குவார்கள். அவர் அதுவரை செய்ததே இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் முதலில் காம்ஷெட்டில் சில நாள், அப்புறம்தான் பீர். பீரில் 12 மணிக்குள் தரையில் இருக்க வேண்டும், மறுபடி ஏறுவதென்றால் மூன்றரைக்கு மேல். 300 மீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் தெர்மல் தேடல் கிடையாது, வயல் தேடல்தான். ஒவ்வொரு பறத்தலின் பதிவும் அன்று இரவே மனைவிக்கு வரும்.

கடைசி விதி குழுவில் சிலருக்கு வேடிக்கையாக இருந்தது. என் பார்வையில் அதுதான் மற்றவற்றை நிறுத்திவைக்கிறது. விதியை மீறியதை மறைக்க முடியாது என்று தெரிந்த ஆள் வேறு மாதிரி பறக்கிறான்.

ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பறப்பதைப் பற்றி எழுதித் தெரிவித்தார்கள். விண்ணப்பத்தில் சாகச விளையாட்டு பற்றிக் கேட்கும் இடம் உண்டு. அவர் பாலிசி எடுத்தது பறக்கத் தொடங்கும் முன். இருந்தாலும் பின்னால் சந்தேகம் வேண்டாம் என்று மனைவி வற்புறுத்தினார்.

பிறகு நடந்தது

விபத்து நடந்து பதினாறு மாதம் கழித்துப் பிப்ரவரியில் காம்ஷெட்டில் மறுபடி பறந்தார். முதல் நாள் டேக்-ஆஃபில் விங்கைத் தலைக்கு மேல் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார், கிளம்பாமலே மூட்டை கட்டிவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கிளம்பினார். எஸ்ஐவி பயிற்சி அந்தக் கோடையில் முடிந்தது. வலது கையை அளவுக்கு மீறி இழுக்கும் பழக்கம் அங்கேயும் தெரிந்தது, பயிற்சியாளர் அதைச் சரிசெய்யவே பெரும்பகுதி நேரத்தைச் செலவிட்டாராம்.

அக்டோபரில் பீர். நான்காம் நாள் மற்றவர்கள் தரம்சாலா நோக்கிப் போக, அவர் 11.40க்கே வழியில் ஒரு வயலில் இறங்கிவிட்டார். அன்று எங்களுக்கு அந்தப் பருவத்தின் சிறந்த நாள். இரவு உணவின்போது எல்லோரும் அதையே பேசினோம், அவர் அதிகம் பேசவில்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது என்று என்னிடம் ஒப்புக்கொண்டார். மறுநாள் காலையும் அதே விதிப்படிதான் பறந்தார்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அவர் மறுபடி பறப்பது அப்பாவுக்கு இன்னும் சொல்லப்படவில்லை. காம்ஷெட் பயணத்தை 'இயந்திரம் பார்க்கப் புனே போகிறேன்' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். இது சரியில்லை என்று அவர்களுக்கே தெரியும். மகள் டாண்டம், அதாவது பைலட்டோடு சேர்ந்து இருவர் பறத்தல், போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர் சரி என்கிறார், மனைவி இன்னும் பதில் சொல்லவில்லை.

குழுவில் மாற்றியவை

விங் ரகம் மாற்றுபவர் பதிவேட்டைக் காட்ட வேண்டும். மொத்த மணி நேரத்தை நாங்கள் கேட்பதில்லை, தெர்மலில் எத்தனை மணி, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை என்றுதான் கேட்கிறோம். நெடுந்தூரம் போகும் குழு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போகும், ஒருவர் கீழே விழுந்தால் மற்றவர் பார்வையில் இருக்க வேண்டும். வழியில் இறங்கியவரை ஏற்றி வர ஒரு வண்டிக்கு எல்லோரும் சேர்ந்து பணம் போடுகிறோம். பணம் பெரிதில்லை, ஆனால் இறங்கினால் திரும்பும் வழி இருக்கிறது என்று தெரிந்தால் இறங்குவது எளிது. வண்டி வைத்த பிறகு வழியில் இறங்குபவர்கள் கூடியிருக்கிறார்கள்.

பதிவேடு காட்டும் விதி பிடிக்காமல் இருவர் வேறு குழுவோடு போகத் தொடங்கினார்கள். இருவரும் சி ரகத்தில்தான் பறக்கிறார்கள், இதுவரை ஒரு கீறலும் இல்லை.